இரைச்சல் இல்லாத இடம்

அந்த இணையம் நன்றாகத்தான் வேலை செய்தது. தொடக்கத்திலிருந்தே சரிவராத திட்டம் என்று இப்போது ஊரில் சிலர் கதைக்கிறார்கள். அப்படியில்லை. உப்புக் காற்றிலும் மழையிலும் அது ஒரு நாளும் முழுதாக நின்றதில்லை.

ஐயா, விசாரணைக்கு நீங்கள் என்னை இரண்டு தடவை அழைத்தீர்கள். இரண்டு தடவையும் தேத்தண்ணீர் தந்து, ஆறுதலாகச் சொல்லுங்கள் என்றீர்கள். நான் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு ஆட்களுக்கு முன்னால் கதைக்க வராது. பள்ளிக்கூடத்தில் வரவு பார்க்க டாப்புக் கூப்பிடும்போது, என் பெயர் வருவதற்கு நான்கு பெயர் முன்பே கை வேர்க்கத் தொடங்கிவிடும். எழுதினால் அந்தக் கஷ்டம் இல்லை. ஆகையால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் தர்சினி. ஊர் கோப்பாய். பௌதிகவியலில் பட்டம் எடுத்த பிறகு இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். என்னோடு படித்தவர்கள் வேலை கேட்டுக் கச்சேரிக்கு, அந்த அரச அலுவலகத்துக்கு, முன்னால் பதாகை பிடித்தார்கள். நான் போகவில்லை. பிறகு இந்த இணைய நிறுவனம் ஆள் தேடியது. கருவியைக் கொண்டு தனியே நடந்து திரிந்து சமிக்ஞை அளக்க வேண்டும், அதிகம் கதைக்கத் தேவையில்லை என்றார்கள். எனக்கென்றே செய்து வைத்த வேலை போல இருந்தது.

திட்டம் எளிமையானது. மயிலிட்டிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் அந்தக் கிராமத்துக்கு, போரில் இடம்பெயர்ந்த சனம் பிந்தித்தான் திரும்பி வந்தது. நூற்றுப் பத்து வீடுகள். கைத்தொலைபேசிக்குச் சிக்னல் போதாது. இணையக் கம்பி பெரிய றோட்டோடு நின்றுவிட்டது. ஆனால் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் இருந்தது. மின்சாரம் போகும் அதே கம்பியில் இணையத்தையும் அனுப்பலாம். வீட்டில் சுவர்ப் பிளக்கில் ஒரு சிறு பெட்டியைச் செருகினால் போதும்.

இதில் ஒரே ஒரு குறை உண்டு. மின்கம்பி இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. அதற்கு மேலுறை இல்லை. வேகமான சமிக்ஞையை அதில் ஏற்றினால், ஒரு பங்கு வெளியே கசிந்து, கம்பி முழுவதும் பெரிய ஏரியல் போல இரையத் தொடங்கும். அந்த இரைச்சல் சில வானொலி அலைவரிசைகளை மூடிவிடும். படகுக்காரர் கரையோடு கதைக்கும் வானொலிச் செற்றும் அவற்றில் ஒன்றில்தான் வேலை செய்தது.

அந்தக் கரைச் செற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில், யன்னலோரம், பிளாஸ்டிக் பூ வைத்த மேசையில் இருக்கிறது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் லூர்த்தம்மா. ஐம்பத்தாறு வயது. படகுகள் பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு வெளிக்கிடும். வலையைப் பாய்ச்சிவிட்டு ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் ஒவ்வொன்றாகக் கரையைக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். அவர் அதைக் கொப்பியில் எழுதுவார். விடியக் கரைக்கு வருவார்கள்.

நான் முதலில் செய்தது சரியான வேலைதான். படகு அலைவரிசையையும் அதன் இரு பக்கத்தையும் இணையச் சமிக்ஞையிலிருந்து வெட்டிவிட்டேன். கம்பி கசியும் என்பதால் வேண்டியதற்கும் கூடுதலாகவே வெட்டினேன். அதனால் வேகம் குறைந்தது. செற்றில் இரைச்சல் வரவில்லை. என் மேலதிகாரி கேதீஸ்வரன் சேருக்கு இதை விளக்கினேன்.

"உது உம்மடை பாடு, பிள்ளை," என்றார் அவர். "எனக்குச் சனம் முறைப்பாடு எழுதக்கூடாது. அவ்வளவுதான்."

ஆகவே அப்படியொரு வெட்டு இருக்கிறது என்பது அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் திறக்கவும் மூடவும் என் தொலைபேசியால் முடியும். திறந்தால் இணைய வேகம் கூடும், செற் இரையும்; மூடினால் செற் தெளியும்.

லூர்த்தம்மாவிடம் நான் முதல் தடவை போனது, செற்றுக்குப் பக்கத்தில் இரைச்சலை அளப்பதற்காக. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, வாய்க்குள்ளை என்ன வைச்சிருக்கிறாய்? கொழுக்கட்டையோ?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். அன்று கருவாட்டுக் குழம்போடு சோறும் தந்தார். நான் சைவம் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சாப்பிட்டேன். அதன் பிறகு போகும் நாளெல்லாம் தந்தார். நான் சாப்பிட்டேன்.

படகுகள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கூப்பிடாத படகுக்கு என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"கூப்பிடாட்டில் அவனுக்கு மீன் பட்டிட்டுது எண்டு அர்த்தம்," என்றார். "மீன் பட்டவன் வாய் திறப்பானே, பிள்ளை? இடத்தைச் சொன்னால் மற்றவங்கள் எல்லாம் வலையோடை பறந்து வந்திடுவாங்கள். என்ரை தம்பி மரியரட்ணம் இருக்கிறானே, உவன் பெரிய கள்ளன். சூடை மீன் கண்டானெண்டால் இரண்டு நாளைக்கு ஊமை. விடிய வந்து, ஐயோ அக்கா, செற் பழுது எண்டுவான்."

செற்றில் கேட்டுக்கொண்டிருந்த யாரோ, "நான் கள்ளனோ, சூடைக் குழம்பு வாங்கித் திண்டவ கள்ளியோ?" என்றார். அது மரியரட்ணத்தின் குரல். லூர்த்தம்மா பேசும் பொத்தானை அமத்தியபடியே கதைத்திருக்கிறார். எல்லாப் படகிலிருந்தும் சிரிப்புக் கேட்டது.

அன்று என் குறிப்புக் கொப்பியில் எழுதினேன்: 'சமிக்ஞை வராமையும் இங்கே ஒரு தகவலாக எடுக்கப்படுகிறது. நல்ல தகவலாக.'

மரியரட்ணத்துக்கு ஒரே மகள், நிரோஜினி. தாய் இல்லை. ஒரே வளவில் இருந்த மாமி லூர்த்தம்மாதான் வளர்த்தார். உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை பௌதிகவியல் சரிவரவில்லை, இரண்டாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். திங்கள், புதன், வெள்ளி, பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை இணையத்தில் வகுப்பு. அந்த நேரம்தான் ஊரில் எல்லோரும் படம் பார்ப்பார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கதைப்பார்கள். வகுப்பு அடிக்கடி உறைந்துபோகும். ஆசிரியரின் கை அந்தரத்தில் நிற்கும். திரும்ப ஓடத் தொடங்கும்போது கணக்கு முடிந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் அழுவாள். எனக்கு அந்த அழுகை தெரியும். நானும் அப்படித்தான்.

ஒரு நாள் கரையில் மரியரட்ணம் என்னை மறித்தார். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டே கதைத்தார்.

"பிள்ளை, உந்த வகுப்பு நிக்காமல் வரப் பண்ணித் தாரும். நான் கடலிலை பட்டது காணும். அவள் கரையிலை இருந்து உழைக்கட்டும்."

கேட்டவர் அவர்தான். இதை நான் ஒரு நியாயமாகச் சொல்லவில்லை. நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

மே மாத நடுவில் வெட்டைத் திறந்தேன். எல்லா நாளும் இல்லை. வகுப்பு உள்ள மூன்று நாட்களில், ஐந்து மணிக்குத் திறந்து ஏழு மணிக்குத் தானாக மூடும்படி நேரம் வைத்தேன். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் நிரோஜினி றோட்டுக்கு ஓடி வந்து, கடைக்கு முன்னால் நின்ற எல்லோரும் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"அக்கா, இண்டைக்கு ஒருக்கால்கூட நிக்கேல்லை. ஒருக்கால்கூட."

கடைக்காரர், "படிச்ச பிள்ளையள் வந்தால் வேலை நடக்கும்," என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. என்னை ஒருவரும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வகுப்பு நாள் லூர்த்தம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். எவ்வளவு இரைச்சல் வருகிறது என்று அளக்க வேண்டியிருந்தது. ஐந்து மணிக்குச் செற் இரையத் தொடங்கியது. மழை தகரத்தில் பெய்வது போன்ற சத்தம். கிட்ட நின்ற படகுகளின் குரல் அதற்குள்ளால் வந்தது. தூரத்துக் குரல்கள் வரவில்லை. லூர்த்தம்மா செற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கடை வயராலையோ உது?"

"இல்லை அன்ரி," என்றேன். "இந்த வருஷம் சூரியனிலை புள்ளி கூட. அதாலை இப்பிடி இரைச்சல் வரும்."

சூரியனில் அந்த ஆண்டு கரும்புள்ளிகள் அதிகம் என்பது உண்மை. அவை வானொலியைப் பாதிக்கும் என்பதும் உண்மை. அவர் உடனே நம்பினார். அடுத்த நாளே சங்கத்துக்கு வந்த எல்லோருக்கும் சொன்னார்.

"சூரியனுக்குக் கொப்பளிப்பான் வருத்தம் வந்து புள்ளி போட்டிருக்காம். எங்கடை தர்சினிப் பிள்ளை சொன்னது. அவள் கதைக்கிறதே வருஷத்துக்கு இரண்டு சொல்லு. அதுவும் பிழைக்குமோ?"

நான் கணக்குப் பார்த்தேன். திறந்திருக்கும் நேரத்தில் ஆறு கிலோமீற்றருக்கு உள்ளே நிற்கும் படகைக் கேட்கலாம். அதற்கு அப்பால் கேட்காது. பெரும்பாலான படகுகள் ஆறு கிலோமீற்றருக்கு உள்ளேதான் வலை பாய்ச்சும். கூப்பிட்டுக் கேட்காத ஓரிரு படகுகளைப் பற்றிக் கரையில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவர்களுக்கு மீன் பட்டுவிட்டது என்று சிரித்தார்கள். விடியற்காலையில் அவர்கள், நாங்கள் கூப்பிட்டோமே என்பார்கள். அப்போதும் சிரித்தார்கள். முன்பும் எல்லோரும் அப்படித்தானே பொய் சொன்னார்கள். நான் கொப்பியில் எழுதி வைத்த அந்த வரி சரியாக வேலை செய்தது.

இருபத்தேழு வகுப்பு நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு முடிவுக்கு வர இருபத்தேழு போதாது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்.

இருபத்தெட்டாவது நாள் ஒரு புதன்கிழமை. யூலை நடுப்பகுதி. சோளகம் பலமாக வீசியது. அது தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, இயந்திரம் நின்ற படகை வெளியே கொண்டுபோய்விடும். ஐந்து படகுகள்தான் தொழிலுக்குப் போயின. நான்கு படகுகள் கிழக்கே கரையோரமாக நின்றன; படகுகளின் ஏரியல் பதிவானது, அவ்வளவு தூரத்துக்குப் படகுக்குப் படகு கேட்காது. மரியரட்ணமும் அவரோடு தொழிலுக்குப் போகும் சுபாஸும் 'செபமாலை மாதா' என்ற அவருடைய படகில் நேர் வடக்கே, ஒன்பது கிலோமீற்றரளவு போயிருந்தார்கள்.

ஒவ்வொரு புதனும் நான் ஓர் ஒப்பீட்டு அளவு எடுப்பேன். அதற்கு மின்கம்பியே இல்லாத இடம் வேண்டும். ஊரின் மேற்கு எல்லையில், கடைசி மின்கம்பத்திலிருந்து அறுநூறு மீற்றர் தள்ளி, கூரையில்லாத ஒரு வீடு இருக்கிறது. ஆட்கள் இன்னும் திரும்பி வரவில்லை. என் வரைபடத்தில் அதற்கு 'இரைச்சல் இல்லாத இடம்' என்று பெயர் வைத்திருந்தேன். அங்கே சுவரில் கருவியை வைத்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். காற்றும் ஒன்றிரண்டு படகுக் குரல்களும்தான் இருக்கும். எனக்கு அந்த ஊரில் ஆகப் பிடித்த இடம் அது.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு மரியரட்ணம் கூப்பிட்டார்.

"கரை, கரை, செபமாலை மாதா கதைக்கிறன். நேர் வடக்கை, ஒன்பது கிலோமீற்றரிலை நிக்கிறம். எஞ்சின் நிண்டிட்டுது. முன் அணியத்தாலை தண்ணி வருது. அக்கா, கேக்குதோ?"

மிகத் தெளிவாகக் கேட்டது. அவர் மூச்சு வாங்குவதும், பின்னால் சுபாஸ் வாளியால் தண்ணீர் இறைப்பதும் கேட்டன. சங்கக் கட்டடத்தில் லூர்த்தம்மா இருந்தார். அவருடைய செற்றில் அந்நேரம் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்திருக்கும்.

தொலைபேசி என் கையில் இருந்தது. ஒரு தடவை அமத்தினால் வெட்டு மூடிவிடும். இரைச்சல் உடனே நிற்கும். லூர்த்தம்மாவுக்குத் தம்பியின் குரல் கேட்கும். கிழக்கே நின்ற படகு ஒன்று ஒரு மணித்தியாலத்தில் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். இவ்வளவும் எனக்கு உடனே விளங்கியது. நான் குழம்பவில்லை.

ஆனால் வேறொன்றும் விளங்கியது. இரைச்சல் அப்படித் திடீரென்று நின்றால், அது சூரியனால் வந்ததல்ல என்று லூர்த்தம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவர் கெட்டிக்காரி. வகுப்பு உறைவதும் செற் தெளிவதும் ஒரே கணத்தில் நடந்தால் நிரோஜினியும் கண்டுபிடித்துவிடுவாள். நான் ஓடிப்போய் வாயால் சொன்னாலும் இதேதான். எங்கே கேட்டாய், எங்களுக்கு ஏன் கேட்கவில்லை என்பார்கள். சங்கக் கட்டடத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

நான் வேலை போகும் என்று பயப்படவில்லை. தண்டனைக்கும் பயப்படவில்லை. அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன்.

ஏழு மணிக்கு வெட்டு தானாக மூடும். ஒரு மணி பத்தொன்பது நிமிடம். இயந்திரம் நிற்பது கடலில் வழக்கமாக நடப்பது. ஏழு மணிக்குப் பிறகு அவர் கூப்பிடுவார், அக்காவுக்குக் கேட்கும், ஒன்றும் குழம்பாது. அப்படி யோசித்தேன். இப்போதும் அந்த யோசனையில் பெரிய பிழை தெரியவில்லை, ஒன்றைத் தவிர. செற்றின் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

ஐந்து நாற்பத்து நான்குக்குக் கூப்பிட்டார். ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கூப்பிட்டார். ஆறு மணிக்குக் கோயிலில் திருந்தாதிச் செபத்துக்கு மணி அடித்தது. அது முடிந்து மூன்று நிமிடத்தில் திரும்பவும் அவருடைய குரல்.

"அக்கா, நீ எங்கை போனனி? சரி, ஆர் கேட்டாலும் பறவாயில்லை, ஒரு படகை விடுங்கோ. நிரோவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. பிள்ளை வகுப்பிலை இருப்பாள். பயந்திடுவாள்."

வகுப்பைக் குழப்ப வேண்டாம் என்று அவரும் நினைத்தார். அது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆறு பத்துக்கும் ஆறு பதினாறுக்கும் கூப்பிட்டார். கடைசியாக ஆறு இருபத்திரண்டு. அப்போது குரல் வரவில்லை. பொத்தானை அமத்தும் 'டிக்' சத்தம் மட்டும் இரண்டு தடவை வந்தது. நேரங்கள் எல்லாம் என் கொப்பியில் இருக்கின்றன. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு வெட்டு மூடியது. கருவியைப் பையில் வைத்துக்கொண்டு சங்கத்துக்கு நடந்தேன். லூர்த்தம்மா செற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சங்கத் தலைவர் செபநாயகமும் வேறு இரண்டு பேரும் இருந்தார்கள்.

"நாலு பேர் கூப்பிட்டிட்டாங்கள்," என்றார் லூர்த்தம்மா. "என்ரை தம்பியார் இன்னும் இல்லை. கள்ளன், உந்தக் காத்துக்குள்ளையும் அள்ளுறான் போல."

"நாளைக்குக் குறுக்க நிண்டு பங்கு கேக்கோணும்," என்றார் செபநாயகம். "இல்லாட்டில் செற் பழுதெண்டு அழுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லூர்த்தம்மா என் தோளில் தட்டி, "பாருங்கோவன், எங்கடை ஊமைப் பிள்ளையும் சிரிக்குது," என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள்.

கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேன். யன்னலோரம் இருந்து, காற்றின் வேகத்தையும் நீரோட்டத்தையும் வைத்து, படகு எங்கே போகும் என்று கணக்குப் பார்த்தேன். விடியும்போது கரையிலிருந்து முப்பது கிலோமீற்றர், வடகிழக்கே.

அடுத்த நாள் பத்து மணிவரை கரையில் ஒருவரும் பயப்படவில்லை. மரியரட்ணம் மீனை நேரே சந்தைக்குக் கொண்டுபோயிருப்பார் என்றார்கள். அதன் பிறகுதான் தேடப் போனார்கள். அவர் வழக்கமாக வலை பாய்ச்சும் பக்கம் தேடினார்கள். வடமேற்கே. நான் அன்று நேரம் வைத்ததை அழித்தேன். வெட்டு திறந்து மூடிய பதிவுகளையும் அழித்தேன். வடகிழக்கே போங்கள் என்று ஒரு துண்டில் எழுதி, இறங்குதுறைச் சுவரில் ஒட்டலாமா என்று யோசித்தேன். எழுதியும் விட்டேன். கையெழுத்துத் தெரிந்துவிடும் என்று கிழித்தேன்.

மூன்றாம் நாள் சுபாஸை வேறிடத்து ரோலர்ப் படகு ஒன்று எடுத்தது. வடகிழக்கேதான். கணக்கு ஏறத்தாழச் சரி. படகு முதல் இரவே கவிழ்ந்ததாம். இருவரும் ஒரே எண்ணெய்க் கலனைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். இரண்டாம் நாள் காலையில் மரியரட்ணம், கலன் ஒருவரைத்தான் தாங்கும் என்று சொல்லிக் கையை விட்டாராம். உடல் கிடைக்கவில்லை. சவப்பெட்டி இல்லாமல் பூசை வைத்தார்கள். கோயிலில் அவர் போடும் சேட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள்.

சங்கக் கூட்டத்தில் சுபாஸ் எழும்பி நின்று சொன்னதை நீங்களும் பதிந்திருக்கிறீர்கள்.

"நாங்கள் கத்திக் கத்திக் கூப்பிட்டனாங்கள். பற்றரி முடியுமட்டும் கூப்பிட்டனாங்கள். இவ கேக்கேல்லை. அந்தாள், அக்கா அக்கா எண்டு கூப்பிட்டுது."

"எப்பிடிக் கேக்கும்?" என்றார் செபநாயகம். "இன்ரநெற் வந்த நாளிலையிருந்து அவ போனும் கையும். நாடகம் பாக்கவே நேரம் காணாது."

கதைப்பதை நிறுத்தாத லூர்த்தம்மா, வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் பின் வரிசையில் இருந்தேன். ஆட்களுக்கு முன்னால் பேச முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

பிறகு உங்கள் குழு வந்தது. செற்றையும் ஏரியலையும் சோதித்தீர்கள். பழுது இல்லை. சூரிய இரைச்சல் என்று லூர்த்தம்மா சொன்னதை, சோதித்த நாளெல்லாம் செற் இரையாததால் ஒருவரும் நம்பவில்லை. மின்கம்பி இணையத்தால் இடைஞ்சல் உண்டா என்று அளந்து தரும்படி என்னையே கேட்டீர்கள். அளந்தேன். இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த அறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை. அளந்த நாளில் இரைச்சல் இருக்கவில்லை. நீங்கள் அதை வைத்து, கரைச் செற்றுக்குப் பொறுப்பாக இருந்தவரின் கவனக்குறைவு என்று முடித்தீர்கள். வேறு எப்படி முடித்திருக்க முடியும்?

லூர்த்தம்மாவிடமிருந்து சங்கக் கதவுப் பூட்டின் திறப்பை வாங்கிவிட்டார்கள். ஒரே வளவில் நிரோஜினி தனியே அடுப்பு மூட்டினாள். மாமியோடு கதைப்பதில்லை. எதிரில் வந்தால் வேலிப்பக்கம் திரும்பிக்கொள்வாள். வகுப்புக்கும் போவதில்லை. கணினியைத் துணியால் மூடி வைத்திருந்தாள்.

செப்டெம்பரில் ஒரு நாள் லூர்த்தம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். நான் தனியே இருந்தேன்.

"பிள்ளை, நீ படிச்சனி. உண்மையைச் சொல்லு. நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பேல்லை. போனை எடுக்கேல்லை. மாதா சத்தியம். காதைச் செற்றோடை வைச்சுக்கொண்டு இருந்தனான். உந்தச் சூரிய இரைச்சலுக்குள்ளையும் மற்ற நாலு பேரும் கேட்டது. பிறகு எப்பிடித் தம்பி மட்டும் எனக்குக் கேக்காமல் போனது?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஓர் ஆள்தான் இருந்தார். ஒரு பார்வைதான். ஆனால் அது எல்லோருடைய பார்வையையும்விடக் கடினமாக இருந்தது.

"காதிலை குறை இருந்தாலும் அப்பிடி வரும் அன்ரி," என்றேன். "வயது போகச் சில சத்தம் கேக்காது. ஆக்களுக்கே தெரியாது."

என்னிடம் சத்தம் உண்டாக்கும் கருவி ஒன்று இருந்தது. காதுக்கு மாட்டினேன். சத்தம் கேட்டால் விரலை உயர்த்தச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பூசையில் இருப்பது போல இருந்தார். பத்துத் தடவை சத்தம் கொடுத்தேன். பிறகு நிறுவனத்தின் தலைப்பு அடித்த கடதாசியில், பத்தில் ஆறு சத்தங்கள் கேட்கவில்லை என்றும், தூரத்துக் குரல் இவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்றும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அழுதார்.

"அப்ப காதுதான். நான் அசட்டையாய் இருக்கேல்லை. காதுதான்." என் நெற்றியில் சிலுவை போட்டார். "நீ நல்லாய் இருப்பாய், மோனை. எனக்கு இண்டைக்குத்தான் நித்திரை வரும்."

அந்தக் கடதாசியை நிரோஜினியிடம் காட்டியிருக்கிறார். அவள் வாசித்துவிட்டு மாமியைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். இப்போது ஒரே அடுப்பில்தான் சமைக்கிறார்கள். அவள் திரும்ப வகுப்புக்குப் போகிறாள். வெட்டு மூடித்தான் இருக்கிறது. வகுப்பு உறையும்போது பொறுத்துக்கொள்கிறாள்.

ஒருவரும் கேட்காமல் ஏன் இதை எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். விசாரணைக் கோவையை மூடியாகிவிட்டது. போன கிழமை லூர்த்தம்மா றோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் பின்னால் வந்தேன். அன்ரி என்று கூப்பிட்டேன். அவருடைய தோள் கொஞ்சம் அசைந்தது. கேட்டிருக்கிறது. ஆனால் திரும்பவில்லை. ஊரில் யார் கூப்பிட்டாலும் இப்போது அப்படித்தானாம். கிட்டப் போய்க் கையைத் தொட்டேன்.

"நீயோ, பிள்ளை? யாரோ கூப்பிட்ட மாதிரித்தான் இருந்தது. இந்தக் காதை நம்பேலாதே. பின்னேரத்திலை தம்பி கூப்பிடுற மாதிரியும் இருக்கும். நான் எழும்புறேல்லை."

ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன். இரைச்சலைத் திறந்தவள் நான். மரியரட்ணம் ஏழு தடவை கூப்பிட்டதைக் கேட்டவள் நான். பொத்தானை அமத்தாமல் நின்றவளும், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்து சொல்லாதவளும் நான். அவர் இறந்தது என்னால்தான். சங்கத்துக்கு அதை அறிவியுங்கள். லூர்த்தம்மாவுக்குத் திறப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் வைத்தால் என்னைக் கூப்பிட வேண்டாம். இந்தக் கடிதத்தை யாராவது வாசிக்கட்டும்.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. நான் கொடுத்த காதுக் கடதாசியை அவரிடமிருந்து வாங்காதீர்கள். அன்று நான் பத்துத் தடவை சத்தம் கொடுத்தேன். கடைசி இரண்டும் எனக்கே கேட்காத அளவு மெல்லியவை. அவர் பத்துத் தடவையும் விரலை உயர்த்தினார். அதில் எழுதியிருப்பது பொய்தான். ஆனாலும் அந்த வீட்டுக்கு நான் செய்த நன்மை என்று அது ஒன்றாவது இருக்கட்டும்.